இந்தப் பக்கம் கருவாடு, அந்தப் பக்கம் கள்!

எளாவூர் என்றால் மெட்ராஸ்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். செக்போஸ்ட்! கல்கத்தா ஹைவேயில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால், போகிற வருகிற வண்டிகளை ஓரங்கட்டி "உள்ளே என்ன?" என்று விசாரிக்கிற ஊர். அரிசியா, கஞ்சாவா, சாராயமா... எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பேப்பரில் எளாவூர் என்று பெயர் வந்தால், அநேகமாக எதையோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த செக்போஸ்ட்டில் யாராலும் பிடிக்க முடியாத சரக்கு ஒன்று உண்டு. வாசனை. கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கரைக் குப்பங்களில் காயும் கருவாட்டின் வாசனை, காற்று வாக்காக இருந்தால் பர்மிட், பில் எதுவும் இல்லாமல் பறந்து வருகிறது. ("வாசனையாவது? நாற்றம் என்று எழுதுமய்யா!" என்று சைவ வாசகர்கள் சீறலாம். பழந்தமிழில் நாற்றம் என்றாலே நறுமணம்தான். ஆகவே இரண்டு கட்சிக்கும் வெற்றி.)

நான் எளாவூர் போனது இந்த வாசனைக்காக. அதற்குக் காரணம் பிரெஞ்சு தேசம்.

எங்கள் ஆபீஸில் ஒருவர் ஆறு மாதம் பிரான்ஸில் இருந்துவிட்டு வந்தார். போகும்போது கோவிந்தபவன் தயிர் சாதம் கேஸ். வரும்போது ஒயின் பண்டிதர். மத்தியான நேரம், நாங்கள் எலுமிச்சை சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் ஆரம்பித்தார்.

"சீஸுக்கு ரெட் ஒயின்னுதானே எல்லாரும் சொல்றான்? சுத்தப் பேத்தல், மச்சி. ஸ்ட்ராங்கான சீஸ், உப்புக்கண்டம் போட்ட இறைச்சி... இதுக்கெல்லாம் ஒயிட் ஒயின்தான் ஜோடி. ரெட் ஊத்தினா ரெண்டும் கெட்டுடும்."

எலுமிச்சை சாதக்காரன் என்ன பதில் சொல்வது? "அப்படியா?" என்றேன். ஆனால் விஷயத்தைத் தேடிப் படித்தபோது, மனுஷன் சொன்னதில் நிறையவே உண்மை இருந்தது.

சுருக்கமாகச் சொல்கிறேன். நாள்பட்ட சீஸில் உப்பு அதிகம், கொழுப்பு அதிகம், மணம் மூக்கைத் துளைக்கும். ரெட் ஒயினில் திராட்சைத் தோல், விதையிலிருந்து இறங்கிய துவர்ப்பு இருக்கிறது. கடும் உப்போடு துவர்ப்பு மோதினால் வாயில் கசப்புதான் மிச்சம். வெள்ளை ஒயினில் துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல். சிலவற்றில் இனிப்பும் உண்டு. புளிப்பு கொழுப்பை வெட்டும். இனிப்பு உப்பைத் தட்டிக்கொடுக்கும். அவ்வளவுதான் சூத்திரம். பச்சை நரம்பு ஓடிய ரோக்ஃபோர் சீஸுக்கு சோத்தெர்ன் என்கிற தேன் போன்ற வெள்ளை ஒயினை ஊற்றுகிறார்கள். அல்சாஸ் பகுதியில், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் செய்யும் அளவுக்கு மணக்கிற மன்ஸ்தேர் சீஸுக்கு, அதே மண்ணில் விளைந்த கெவுர்ஸ்ட்ராமினர். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கிளாஸ் காலியாகிவிடும்.) லுவார் நதிப் பக்கம் ஷவினோல் கிராமத்து ஆட்டுப்பால் சீஸுக்கு, சுற்றுவட்டாரத்து சான்சேர். ஸ்பெயினில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உப்பில் பதப்படுத்திக் காற்றில் தொங்கவிட்ட பன்றித் தொடைக்கு, ஹெரெஸ் ஊரின் ஃபினோ ஷெர்ரி. அந்த ஷெர்ரியின் மேல் ஈஸ்ட் ஆடை கட்டியபடி மிதக்குமாம், பாலில் ஏடு மாதிரி.

கவனித்தீர்களா? பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சரக்குகள். ஒரே மண்ணில் இருப்பதை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்துப் பார்த்து, நாக்கு பல தலைமுறையாக எழுதிவைத்த ஜாதகப் பொருத்தம்.

சரி, நம் ஊரில் உப்புக்கண்டத்துக்கு என்ன பொருத்தம்? உப்பு போட்டு, காயவைத்து, மணம் ஊரைத் தூக்குகிற பண்டம் நம்மிடம் இல்லையா என்ன? அது இருக்கிற இடத்துக்கே போய்ப் பார்ப்போம் என்றுதான் சென்ட்ரல் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் சூலூர்பேட்டை வண்டி ஏறினேன். கும்மிடிப்பூண்டி வரை கூட்டம். அங்கே ஃபாக்டரி ஆட்கள் இறங்கியதும் பெட்டி காலி. அடுத்த ஸ்டேஷன் எளாவூர். அதற்கடுத்து ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் தடா, ஆந்திரா. (ஆபீஸ் கோஷ்டிகள் அருவிக்குப் போகிற அதே தடாதான்.)

எளாவூரில் இறங்கிக் கிழக்கே போனால் நிலம் மெதுவாக மட்டமாகிறது. வயல் முடிந்து முள்ளும் உப்பு மண்ணும் ஆரம்பிக்கிறது. அப்புறம் தண்ணீர். ஆழமே இல்லாமல், கண்ணுக்கெட்டியவரை விரித்துப் போட்ட பாய் மாதிரி. ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்முடையது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே குறுக்கே படுத்திருப்பது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் மீன்பிடிக்கப் போகாதே என்று இங்கே உத்தரவு வரும். சந்திரனுக்குப் போகிறவர்களுக்காக நெத்திலிக்குப் போகிறவர்கள் லீவு போடுகிற ஒரே ஊர், உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும்.

குப்பத்தில் ஒரு அக்கா. ஐம்பது வயசு இருக்கும். தார்ப்பாயில் நெத்திலியைப் பரப்பிவிட்டு, காக்காய்க்கு ஒரு குச்சியும் நாய்க்கு ஒரு வசவுமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி, வாங்கவா, வேடிக்கை பாக்கவா?"

"ரெண்டும்தான் அக்கா."

"அப்ப மொதல்ல வாங்கு. அப்பறம் வேடிக்கை."

வியாபாரம் என்றால் இதுதான். வாங்கினேன். அதற்கப்புறம் அக்கா தாராளமாகப் பேசினார்.

கருவாட்டில் இரண்டு ஜாதி. நெத்திலி, காரப்பொடி, சென்னாக்குனி போன்ற பொடிசுகள் உப்பே இல்லாமல் வெயிலிலேயே காய்ந்துவிடும். நல்ல வெயில் என்றால் ஒன்றிரண்டு நாள். பெரிய மீன் அப்படி இல்லை. குடலை எடுத்து, கீறிப் பிளந்து, தொட்டியில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று அடுக்கி, உப்பு உள்ளே இறங்கித் தண்ணீர் வெளியே வந்த பிறகு அலசிக் காயப்போட வேண்டும். வாளை, சுறா, திருக்கை எல்லாம் இந்த வகை. ஏரியின் மடவையும் அப்படித்தான். மூன்று நான்கு கிலோ மீன் காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு. நடுவில் ஒரு மழை பெய்தால் அதுவும் போச்சு. புழு வைத்துவிடும்.

"ஐப்பசி, கார்த்திகைல நாங்க வானத்தைத்தான் பாத்துனு இருப்போம். ராத்திரி தூறல் விழுந்தா ஊரே எழுந்து ஓடும். கொழந்தையை வுட்டுட்டுக் கருவாட்டைத் தூக்கினு வருவோம்."

"குழந்தை?"

"அது தானா வந்துடும்!"

கருவாட்டுக்கு அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஒரு கெமிஸ்ட்ரி வகுப்பு. (கடைசி பெஞ்சில் தூங்குபவர்கள் அடுத்த பாராவுக்குப் போகலாம்.) கடல்மீனின் உடம்பில் இருக்கிற ஒரு பொருளை, மீன் செத்தபிறகு பாக்டீரியா உடைக்கிறது. அதில் பிறக்கிறது டிரைமெத்திலமின் என்கிற ஆவி. மூக்கைத் துளைப்பது அதுதான். அது காரவகை. அதன்மேல் புளிப்பு பட்டால், அமிலமும் காரமும் சேர்ந்து உப்பாகி, ஆவியாகாமல் அடங்கிப் போகும். கருவாட்டுக் குழம்பில் நம் பாட்டிகள் புளியைத் தாராளமாகக் கரைத்து ஊற்றியதும், வறுத்த மீனில் வெள்ளைக்காரன் எலுமிச்சம்பழம் பிழிவதும், மலபார்க் கரையில் குடம்புளியும் உப்பும் சேர்த்துப் பீப்பாயில் மீனை அடைத்துக் கொழும்புக்கு அனுப்பியதும் ஒரே காரணத்துக்காகத்தான். இன்னொரு பக்கம், உப்பில் ஊறிக் காயும்போது மீனின் புரதம் மெல்ல உடைந்து, நாக்கைச் சப்புக்கொட்ட வைக்கிற சுவை கூடுகிறது. சீஸ் பழுக்கும்போது நடப்பதும் இதேதான். ஆக, மன்ஸ்தேரும் மடவைக் கருவாடும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்!

ஜப்பானில் ஓர் ஒயின் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் ஒரு காரியம் செய்தார்கள். கடல்சிப்பிச் சதையைத் தின்றுகொண்டே விதவிதமான ஒயினைக் குடித்துப் பார்த்தார்கள். (என்ன வேலை சார் அது! மனு எங்கே போடணும்?) சில ஒயின்களோடு மட்டும் மீன்கவுச்சி வாயில் ஏறியது. காரணம், ஒயினில் கரைந்திருந்த இரும்பு. இரும்பு கூடக்கூடக் கவுச்சியும் கூடியது. ரெட் ஒயின்களில் இரும்பு பொதுவாக அதிகம் என்பதால், மீனுக்கு ரெட் ஆகாது என்ற பழைய சாஸ்திரத்துக்கு ஒரு லேப் ரிப்போர்ட் கிடைத்தது.

ஆகவே கருவாட்டுக்குத் துணை வெள்ளையாக, புளிப்பாக, கொஞ்சம் இனிப்பாக இருக்க வேண்டும். இந்தக் கரையில் அப்படி ஒரு பானம் இருந்ததா?

இருந்தது. சிறுபாணாற்றுப்படை என்று ஒரு சங்க நூல். நல்லியக்கோடன் என்கிற வள்ளலிடம் போகும் பாணனுக்கு, வழியில் எங்கெங்கே என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்கிற ஹைவே ஹோட்டல் கைடு அது. எழுதியவர் நத்தத்தனார். அதில் எயிற்பட்டினம் என்கிற கடற்கரை ஊர் வருகிறது. மரக்காணம் பக்கம் என்று சொல்கிறார்கள். நம் ஏரிக்குத் தெற்கே, இதே கிழக்குக் கரை. அங்கே நுளையர் வீட்டில் பாணனுக்கு என்ன கிடைக்கும்? அந்த வீட்டுப் பெண் வடிகட்டிக் கொடுத்த நாள்பட்ட கள். தொட்டுக்கொள்ள, காய்ந்த குழல்மீனைச் சுட்டது.

கள்ளும் சுட்ட கருவாடும்! ரோக்ஃபோர், சோத்தெர்ன் எல்லாம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே, நம் ஆள் ஜாதகம் பார்த்து முடிச்சுப் போட்டுவிட்டான்.

இந்த ஏரிக்கரைக்கு நிஜமாகவே சீஸ் தின்கிறவர்களும் வந்தார்கள். ஏரியின் தென்கிழக்கு மூலையில் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமை ஆபீஸ். அவர்கள் கப்பலில் மாலுமிகளுக்குப் படி அளந்ததே உப்பிட்ட இறைச்சியும் கெட்டிச் சீஸும்தான். வழியில் நன்னம்பிக்கை முனையில் திராட்சை போட்டு 1659-லேயே ஒயின் பிழிந்துவிட்டார்கள். கோட்டை போய்விட்டது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. சீஸ் இங்கே வேர்பிடிக்கவில்லை. கருவாடு இருந்த இடத்தில் இருக்கிறது.

இப்போது கள்ளுக்கு வருகிறேன். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது சர்க்கரைத் தண்ணீர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் வேலையை ஆரம்பித்து, சில மணி நேரத்திலேயே கள். காலையில் இறக்கியதில் இனிப்பு மிச்சம் இருக்கும். மத்தியானம் இனிப்பும் புளிப்பும் சரிசமம். சாயங்காலம் புளிப்பு. மறுநாள் காடி. ஒரே கலயத்தில், ஒரே நாளில், ஸ்வீட் ஒயினிலிருந்து டிரை ஒயின் வரை எல்லா ரகமும் வரிசையாக வந்து போய்விடுகிறது. சாராய வேகம் பீர் அளவுதான். ஆனால் பாட்டிலில் அடைத்து அடுத்த வருஷத்துக்கு வைக்க முடியாது. இருக்கிற இடத்தில், இறக்கின அன்றைக்கே குடித்தால்தான் உண்டு. அதனாலேயே அதற்குத் துணை, பக்கத்தில் கிடைப்பதாக இருந்தாக வேண்டும்.

சட்டப்படி பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான். இந்த ஏரி கிளிஞ்சல் சுண்ணாம்புக்குப் பெயர் போனது என்பது கூடுதல் வேடிக்கை. சுண்ணாம்புகுளம் என்றே இங்கே ஓர் ஊர் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மதுவிலக்குக்கு ஒரு பெரிய மெகா சீரியல் எடுக்கலாம். 1937-ல் சேலத்தில் ஆரம்பம். 1948-ல் ராஜதானி முழுக்க. 1971-ல் கடை திறந்தது. 1974-க்குள் மறுபடி மூடல். 1981-ல் மறுபடி திறப்பு. 1987 ஜனவரி ஒன்றாம் தேதியோடு கள்ளும் சாராயமும் குளோஸ். ஆனால் பிராந்தி, விஸ்கி, ரம் வகையறா அப்படி நிரந்தரமாகப் போகவில்லை. 2003-லிருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடை வைத்துச் சில்லறைக்கு விற்கிறது. பனையிலிருந்து வந்தால் குற்றம். ஃபாக்டரியிலிருந்து வந்தால் ரசீது. பனையை மாநில மரமாகவும் வைத்துக்கொண்டிருக்கிறோம்!

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் கள் இறக்க லைசென்ஸ் உண்டு. ஆக எளாவூர் செக்போஸ்ட் என்பது, ஊர்கூடி முடித்து வைத்த கல்யாணத்தில் மாப்பிள்ளையை அந்தப் பக்கமும் பெண்ணை இந்தப் பக்கமும் நிறுத்தி, நடுவே போட்ட தடுப்புக்கட்டை.

பெண் வீட்டுச் சீதனத்தைத் தாளில் மடித்துக்கொண்டு நான் மாப்பிள்ளை ஊருக்குப் போனேன். (போகிற திசையில் கருவாட்டுக்குத் தடை இல்லை.) ஆந்திரப் பக்கம் ஒரு தோப்பு. மாசி மாத வெயில். பனை சீஸன். பெரியவர் ஒருவர் கலயத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெலுங்கு 'பாக உன்னாரா'வோடு சரி. அவருக்கு அது பிரச்சினையாக இல்லை. இந்த எல்லையில் எல்லாருக்கும் இரண்டு பாஷையும் ஓடுகிறது.

"எவ்ளோ நைனா?"

"ஒரு கிளாஸ் போதும் பெரியவரே. திரும்பி எளாவூர் வழியாத்தான் போகணும்."

சிரித்தார். பழைய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். பால் மாதிரி வெளுப்பு. ஓரத்தில் நுரை. முதலில் வெறும் கள். இனிப்பு, புளிப்பு, அடியில் கொஞ்சம் மாவு மணம். சுமார்தான். அப்புறம், சருகு கூட்டிய நெருப்பில் பெரியவர் வாட்டிக் கொடுத்த என் கருவாட்டில் ஒரு விள்ளல். உப்பு! நாக்கு சுருண்டது. உடனே ஒரு வாய் கள்.

சார், உப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கருவாட்டின் கரகரப்பும் மணமும் நிற்கிறது, உறைப்பு மட்டும் காணோம். கள்ளில் முதலில் இருந்த மாவு மணம் போய், ஏதோ பழ மணம் மேலே வந்தது. ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டுகிறது. பிரெஞ்சுப் பண்டிதர் இதைத்தான் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தாரா!

இரண்டாவது டம்ளருக்கு மனசு போனது. செக்போஸ்ட் ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை பைக்கில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லைக்கு அந்தப் பக்கம் எல்லாம் அமிர்தம் இல்லை. கலப்படம் பெரிய வியாபாரம். மரத்திலிருந்து இறங்கிய கள் போதாதபோது தண்ணீரில் தூக்க மருந்தைக் கரைத்துக் கள் என்று விற்கிறார்கள். 2025 ஜூலையில் ஹைதராபாத் குகட்பள்ளியில் அப்படிப்பட்ட கள்ளைக் குடித்துப் பலர் செத்துப்போனார்கள். மரத்தை, இறக்குகிறவரைக் கண்ணால் பார்க்காத கள்ளைத் தொடாதீர்கள். பைக் ஓட்டுகிறவர் எந்தக் கள்ளையும் தொடாதீர்கள். எல்லை தாண்டிப் பாட்டிலில் கொண்டு வரலாம் என்று யோசித்தால், கட்டுரையின் முதல் பாராவை மறுபடி படியுங்கள்.

இந்தப் பக்கத்து ஆள் என்னதான் செய்கிறான்? கள் இல்லாத கேரளாவா இது? கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறது. அதனால் கப்பையும் மீன்கறியும் அதோடு சேர்ந்து பிழைத்துக்கொண்டன. கள்ளே குடிக்காதவன்கூடச் சாப்பாட்டுக்காகக் குடும்பத்தோடு போகிறான். இங்கே கள்ளுக்கடை போனதும் அதன் சமையலும் போயிற்று. டாஸ்மாக் பாரில் பிராந்திக்குச் சைடு டிஷ் என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். மாங்காய்ப் பத்தை, சுண்டல், முட்டை, ஊறுகாய்ப் பாக்கெட். பொருத்தமா? தொண்டையில் இறங்குகிற நெருப்பை அணைக்க அகப்பட்டதை அள்ளிப் போடுகிற தீயணைப்பு வேலை அது. அவசரத்தில் குடித்து, அவசரத்தில் விழுங்கி, ருசி என்ற பேச்சே இல்லை.

ஆனால் குப்பத்துப் பெண்கள் மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது மணி ஒன்று. அக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"கள்ளு குடிச்சிட்டு வரியா? மூஞ்சே சொல்லுது. உக்காரு, பழையது துன்னு. சூடு எறங்கும்."

முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது. ராத்திரியெல்லாம் புளித்து, தண்ணீர் வெளுத்து லேசாகப் புளிப்பு ஏறியிருந்தது. சின்ன வெங்காயம். தணலில் சுட்ட வாளைக் கருவாடு ஒரு துண்டு. சோற்றைப் பிழிந்து ஒரு வாய், கருவாட்டில் ஒரு கிள்ளு, வெங்காயம் ஒரு கடி, மேலே அந்த நீராகாரம் ஒரு மடக்கு.

அதே கதை! வெள்ளையாக, புளிப்பாக, அடியில் மெல்லிய இனிப்போடு ஒரு பானம். சாராயம்தான் கிட்டத்தட்ட இல்லை. தயிரைப் புளிக்க வைக்கிற அதே ஜாதி பாக்டீரியா சோற்றுத் தண்ணீரையும் புளிக்க வைக்கிறது. உப்பு அடங்குகிறது, கவுச்சி அடங்குகிறது, கருவாடு மட்டும் வாயில் நிற்கிறது. போலீஸ் வராது, லைசென்ஸ் வேண்டாம், மறுநாள் தலை வலிக்காது. சட்டம் ஒரு வெள்ளைப் பானத்தை எடுத்துக்கொண்டது. அடுப்படியில் இருந்த இன்னொரு வெள்ளைப் பானம் அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.

என்னைக் கேட்டால், ருசியில் கள்ளுக்கு ஒரு மார்க் கூட. அதன் நுரை வாயைக் கழுவிவிடுகிற மாதிரி நீராகாரம் கழுவாது. வயிற்றுக்கு நீராகாரம்தான் பர்ஸ்ட் கிளாஸ். பிரெஞ்சுப் பண்டிதருக்கு வேண்டுமானால், நாசிக் பக்கத்து வெள்ளை ஒயினில் கொஞ்சம் இனிப்பு மிஞ்சிய ரகமாக, நன்றாகக் குளிரவைத்து, வறுத்த நெத்திலியோடு சிபாரிசு செய்யலாம். மிளகாய்த் தூளைக் குறைக்கச் சொல்லுங்கள். காரம் ஒயினைக் கொன்றுவிடும்.

"இந்த வாளை ஏரியிலயா அக்கா பிடிச்சது?"

"வாளை கடலுது. ஏரில இப்ப இன்னா கீது? மொகத்துவாரம் அடைச்சிக்கினா எறாலும் இல்ல, மடவையும் இல்ல."

கருவாட்டுக் கதையில் இது கொஞ்சம் கனமான பக்கம். ஏரிக்கு உயிர், கடலோடு சேரும் முகத்துவாரம். இறால் கடலில் பிறந்து, குஞ்சாக அந்த வாய் வழியே உள்ளே வந்து ஏரியில் வளர்கிறது. மடவையும் வந்து போவது அந்த வழிதான். அலை மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிட்டால் வரத்து நின்றுபோகும். கோடையில் தண்ணீர் வற்றி, கடலைவிட அதிகமாகக் கரிக்கும். ஏரியே உப்பில் போட்ட மீன் ஆகிவிடும். பழவேற்காட்டுப் பக்கம் முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கச் சொல்லி மீனவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். இருபத்தேழு கோடி ரூபாய் அளவில் இரண்டு பக்கமும் கல்சுவர் கட்ட அரசாங்கம் திட்டம் போட்டது. ஏரியில் மீன் குறைந்தால் கருவாட்டுக்குக் காசிமேட்டிலிருந்து மீனை வாங்கிவந்து காயவைக்க வேண்டியதுதான்.

"வாங்கியாந்து காயப்போட்டா எங்களுக்கு இன்னா நிக்கும்? வெயில்தான் நிக்கும். என் பொண்ணு கும்முடிப்பூண்டி கம்பெனிக்குப் போவுது. கருவாட்டு வாசனையே அதுக்கு ஆகாது இப்போ."

சொல்லிவிட்டு எழுந்து நெத்திலியைப் புரட்டப் போனார். மத்தியானத்தில் ஒரு முறை புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பக்கம் வேகாது.

போக விரும்புகிறவர்களுக்கு: மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல வெயில், நல்ல கருவாடு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீனுக்குப் பதில் கருவாடுதான் என்பதால் விலை ஏறும். அதற்கு முன் போங்கள். நெத்திலி வெள்ளி மாதிரி பளபளத்தால் நல்லது. மஞ்சள் தட்டியிருந்தால் பழசு. விரலால் ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். உப்புக் கருவாடு கையில் பிசுபிசுத்தால் சரியாகக் காயவில்லை. சமைக்கும் முன் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறட்டும்.

ரயிலில் கொண்டுவர மூன்று சுற்று பேப்பர், அதன்மேல் மூடி இறுக்கமான டப்பா. அதையும் மீறித்தான் வரும். சாயங்கால வண்டியில் கும்மிடிப்பூண்டியில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. பொன்னேரி வருவதற்குள் என் சீட்டில் நான் காலை நீட்டிப் படுத்திருந்தேன்.